இயர்பட்ஸ் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு: உள்ளே நடப்பதும் நாம் கவனிக்க வேண்டியதும்

2025 ஜூன் மாதம் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் நடந்த ட்ரூப்பர்ஸ் பாதுகாப்பு மாநாட்டில், இஆர்என்டபிள்யூ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு குறைபாட்டை வெளியிட்டார்கள். தைவானின் ஐரோஹா நிறுவனம் தயாரிக்கும் புளூடூத் சிப்களைக் கொண்ட இயர்பட்ஸ், ஹெட்போன் மாடல்கள் பலவற்றில், புளூடூத் எட்டும் தொலைவுக்குள் நிற்கும் எவரும், இணைப்பதற்கான அனுமதி எதையும் கேட்காமலேயே, கருவியின் நினைவகத்தைப் படிக்கவும் அதில் எழுதவும் முடிந்தது. பாதிக்கப்பட்ட பட்டியலில் சோனி, போஸ், ஜேபிஎல், மார்ஷல், ஜாப்ரா எனக் கடைகளில் முன்வரிசையில் இருக்கும் பெயர்களே இருந்தன. நினைவகத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் இணைப்புச் சாவியை எடுத்துவிட்டால், தாக்குபவர் தன் கருவியே அந்த ஹெட்போன் என்று போனை நம்பவைத்து, போனிலிருந்து அழைப்பு விடுக்கச் செய்யவும் வழி இருந்தது.

இதற்கான திருத்தத்தை ஐரோஹா, மாநாட்டுக்கு முன்பே, ஜூன் தொடக்கத்தில் தன் வாடிக்கையாளர் நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் சிப் நிறுவனம் கொடுத்த திருத்தம் நம் காதில் இருக்கும் கருவிக்கு நேரே வந்துசேர்வதில்லை. ஒவ்வொரு பிராண்டும் அதைத் தன் ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்தி, சோதித்து, தன் செயலியின் வழியாக அனுப்ப வேண்டும். அதன் பிறகு வாங்கியவர் அந்தச் செயலியைத் திறந்து, அப்டேட் செய்வதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இயர்பட்ஸை முதல் நாள் போனின் புளூடூத் பட்டியலிலிருந்து நேராக இணைத்துவிட்டு, செயலி என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் ஏராளம். திருத்தம் தயாராக இருந்தும் அவர்களை எட்டப்போவதில்லை.

ஆகவே ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு என்பது ‘இருந்தால் நல்லது’ என்ற நிலையைக் கடந்துவிட்டது. அதே சமயம், ‘அப்டேட் போட்டேன், ஒரு பக்கம் வேலை செய்யவில்லை’ என்ற புலம்பலிலும் உண்மை இல்லாமல் இல்லை. எந்தக் கட்டத்தில் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது என்று தெரிந்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதை அலட்டிக்கொள்ளாமல் விடலாம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

ஒவ்வொரு இயர்பட்டுக்குள்ளும் தனித்தனியே ஒரு சிறு கணினி இருக்கிறது. புளூடூத் ரேடியோ, ஒலியைக் கையாளும் ப்ராசசர், சில மெகாபைட் அளவுள்ள ஃபிளாஷ் நினைவகம், இரண்டு மூன்று மைக்குகள், தொடுதலை அறியும் சென்சார், பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி ஆம்பியர்-மணி வரை மட்டுமே கொள்ளும் ஒரு பேட்டரி ஆகியவை அதில் அடக்கம். இவை எல்லாவற்றையும் ஒருங்கே இயக்குவதுதான் ஃபர்ம்வேர். வெளிச்சத்தத்தை எந்த அளவுக்கு அடக்குவது, பேசும்போது காற்றின் இரைச்சலை எப்படி வடிகட்டுவது, பேட்டரி எந்த மின்னழுத்தத்தை எட்டியதும் சார்ஜ் ஏறுவதை நிறுத்துவது, இடதும் வலதும் ஒரே கணத்தில் ஒலிப்பதற்கு யார் தலைமை தாங்குவது என்பவை எல்லாம் அதில் எழுதப்பட்ட கணக்குகள். அதனால்தான் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு பாட்டின் ஒலி கொஞ்சம் மாறியதாகச் சிலர் சொல்லும்போது, அதைப் பிரமை என்று தள்ளிவிட முடிவதில்லை.

இந்த ஃபர்ம்வேரைப் பிராண்டுகள் அடியிலிருந்து தாமே எழுதுவதில்லை. குவால்காம், ஐரோஹா, ஷாங்காயின் பெஸ்டெக்னிக், ரியல்டெக், ஜுஹாய் நகரின் ஜியெலி போன்ற சிப் நிறுவனங்கள் அடித்தளத்தைத் தருகின்றன. பிராண்டு அதன் மேல் தன் ஒலி அமைப்பையும் வசதிகளையும் ஏற்றுகிறது. 2019-இல் எச்1, 2022-இல் எச்2 எனத் தன் சிப்களைத் தானே வடிவமைத்துக்கொள்ளும் ஆப்பிள் இதில் விதிவிலக்கு. அடித்தளம் பொதுவானது என்பதால் அதில் உள்ள ஓட்டையும் பொதுவாகிவிடுகிறது. ஐரோஹா விவகாரத்தில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான பிராண்டுகள் ஒரே பட்டியலில் வந்து நின்றது இப்படித்தான்.

புதிய ஃபர்ம்வேர் கோப்பு நிறுவனத்தின் சர்வரிலிருந்து போனுக்கு வருவது ஒரு நிமிட வேலை. போனிலிருந்து இயர்பட்டுக்குப் போவதில்தான் நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் புளூடூத்தின் குறைந்த மின்சாரத் தடமே இதற்குப் பயன்படுகிறது. அது பெரிய கோப்புகளை அனுப்புவதற்காக உருவானது அன்று. தொடக்க காலத்தில் ஒரு பொட்டலத்தில் 20 பைட் தகவல்தான் போகும். புளூடூத் 4.2 பதிப்பு அந்த அளவை 244 பைட் வரை உயர்த்தியது, 5.0 பதிப்பு வேகத்தை இரட்டிப்பாக்கியது. இருந்தாலும் ஒவ்வொரு பகுதியும் சரியாக வந்ததா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஃபிளாஷ் நினைவகத்தை எழுதுவதற்கு முன் பகுதி பகுதியாக அழிக்க வேண்டும், வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டுப் புளூடூத்தும் நெருக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடம்பிடிக்கவும் வேண்டும். 4 மெகாபைட் கோப்பு ஒன்று நொடிக்கு 20 கிலோபைட் வேகத்தில் போனால் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நெரிசலில் வேகம் நொடிக்கு 4 கிலோபைட்டாகக் குறைந்தால் 17 நிமிடம் ஆகும். அதன் பிறகு இரண்டாவது இயர்பட்டுக்கும் அது போய்ச்சேர வேண்டும். திரையில் 37 சதவீதத்தில் எண் நகராமல் நிற்கும்போது பெரும்பாலும் நடப்பது இந்தக் காத்திருப்புதான், பழுது அன்று.

இந்த இடைவெளியில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதே பலருடைய பயம். ஓரளவு தரமான மாடல்களில் ஃபிளாஷ் நினைவகம் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியில் இப்போதைய ஃபர்ம்வேர் ஓடிக்கொண்டிருக்க, புதியது மறுபாதியில் எழுதப்படுகிறது; சில மாடல்களில் அந்நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கவும் முடியும். முழுக் கோப்பும் வந்த பிறகு, அது சிதையாமல் வந்திருக்கிறதா என்றும் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்கிறதா என்றும் சரிபார்க்கப்படும். இரண்டும் ஒத்துப்போனால், ‘அடுத்த முறை அந்தப் பாதியிலிருந்து தொடங்கு’ என்ற ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதப்பட்டு, கருவி தன்னைத் தானே அணைத்துத் திறந்துகொள்ளும். மின்சாரம் வந்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் பூட்லோடர் என்ற சிறு நிரல் அந்தக் குறிப்பைப் படித்துப் புதிய பாதியை இயக்கும். புதியது எழுந்திருக்கத் தவறினால் பழையதற்கே திரும்பும்படி சில பூட்லோடர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இத்தகைய கருவியில் பதிவிறக்கத்தின் நடுவே அழைப்பு வந்தாலும், போனோடு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டாலும், பழைய ஃபர்ம்வேர் தொடப்படாமல் அப்படியே இருக்கும். நேரம் வீணாகும், அவ்வளவுதான்.

சிக்கல் இருப்பது வேறு இரண்டு வடிவமைப்புகளில். செலவைக் குறைப்பதற்காகச் சிறிய ஃபிளாஷ் வைத்த மாடல்களில் இரண்டு முழுப் பிரதிகளுக்கு இடமில்லை. ஆகவே புதிய கோப்பு சுருக்கப்பட்ட வடிவில் வந்து ஓர் ஓரத்தில் தங்கி, மறுதொடக்கத்தின்போது விரிந்து பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. அந்த ஒன்றிரண்டு நிமிடம் கருவியில் முழுமையான ஃபர்ம்வேர் எதுவும் இருக்காது. அதைவிட மலிவானவற்றில் பழையதை அழித்துக்கொண்டே புதியதைப் பெறும் முறையும் உண்டு; அங்கே முழுப் பதிவிறக்கமும் ஆபத்துக் காலம். நம் கையில் இருப்பது எந்த வகை என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் மோசமான வகை என்றே கருதி நடந்துகொள்வது நல்லது.

இன்னும் ஒன்று. திரையில் முன்னேற்றத்தைக் காட்டும் கோடு 100 சதவீதத்தைத் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து இயர்பட்டை வெளியே எடுப்பவர்களும் செயலியை மூடுபவர்களும் உண்டு. அந்த 100 சதவீதம் பெரும்பாலும் அனுப்பி முடித்ததற்கான கணக்கே. சரிபார்ப்பு, மறுதொடக்கம், சில மாடல்களில் மேலெழுதுதல் ஆகிய மூன்றும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. பயப்பட வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். நடுவழியில் நின்றுபோன கோடு மிரட்டுகிற அளவுக்கு முடிந்துபோன கோடு யாரையும் மிரட்டுவதில்லை.

பேட்டரி ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஃபிளாஷில் எழுதுவதற்கு நிலையான மின்னழுத்தம் தேவை. பட்டன் அளவுள்ள பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய நிலையில், அதிலும் இரண்டு மூன்று ஆண்டு ஓடித் தேய்ந்த பேட்டரியாக இருந்தால், ரேடியோவும் எழுதும் வேலையும் ஒருசேர மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியலாம். திரையில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பழைய இயர்பட் திடீரென அணைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. செயலிகள் குறைந்தபட்ச சார்ஜ் இல்லாமல் அப்டேட்டைத் தொடங்க விடாததற்கு இதுவே காரணம். அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடாமல் இரண்டு இயர்பட்டையும் கேஸையும் நிறையவே ஏற்றிவிட்டுத் தொடங்குவதில் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

கம்பியில்லா இயர்பட்ஸுக்கு ஹெட்போனுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு: ஒரே வேலை இரண்டு முறை வெற்றிபெற வேண்டும். பல வடிவமைப்புகளில் போன் ஒரு பக்கத்தோடு மட்டும் பேசுகிறது. அது வாங்கிய பொட்டலங்களை மறுபக்கத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. இரண்டும் முழுமையாகப் பெற்று, சரிபார்த்து முடித்த பிறகே இருவரும் ஒன்றாகப் புதியதற்கு மாற வேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் நின்றுவிட்டால், இரண்டுக்கும் இடையிலான பேச்சு முறை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கக்கூடும் என்பதால், இடது தனியாகவும் வலது தனியாகவும் போனில் தோன்றும், அல்லது ஒன்றில் மட்டும் ஒலி வரும். ‘அப்டேட்டில் ஒரு பக்கம் செத்துவிட்டது’ என்று சர்வீஸ் சென்டருக்கு வருபவற்றில் இந்தப் பதிப்பு முரணும் ஒரு காரணம். தொலைந்த ஒரு பக்கத்துக்குப் பதிலாகத் தனியே ஒன்றை வாங்கிச் சேர்ப்பவர்களுக்கும் இதே நிலைதான்; கடையில் பல மாதம் இருந்த புதிய இயர்பட் பழைய ஃபர்ம்வேரோடு இருக்கும். இரண்டையும் ஒரே கேஸில் வைத்து, ரீசெட் செய்து, ஒருமுறை அப்டேட் ஓடிய பிறகே ஜோடி சேரும். கேஸுக்குள்ளும் ஒரு சிப் இருப்பதையும், ஏர்பாட்ஸ் ப்ரோ 2 போன்றவற்றில் கேஸுக்கெனத் தனிப் பதிப்பு எண்ணே உண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அப்டேட் செய்யும் முறையில் நிறுவனங்கள் இரண்டு எதிரெதிர் வழிகளில் நிற்கின்றன. ஆப்பிள் பயனரின் கையில் பொத்தானே கொடுப்பதில்லை. ஏர்பாட்ஸைக் கேஸில் வைத்து மூடி, கேஸைச் சார்ஜில் செருகி, வைஃபையில் இணைந்த ஐபோன், ஐபேட் அல்லது மேக் புளூடூத் எட்டும் தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, குறைந்தது 30 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது அதன் வழிகாட்டுதல். பிறகு அமைப்புகளில் ஏர்பாட்ஸின் பெயருக்கு எதிரே உள்ள தகவல் குறியைத் தொட்டுப் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இரவில் சார்ஜில் கிடக்கும்போது நடந்து முடிந்துவிடுவதால் நடுவில் கை வைப்பதற்கு இடமில்லை. எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே தோன்றுகிறது, ஒரே ஒரு குறையைத் தவிர: ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைத்திருப்பவரிடம் உள்ள ஏர்பாட்ஸுக்கு அப்டேட் போய்ச்சேர வழியே இல்லை. 2024 ஜூன் மாதம், முன்பு இணைக்கப்பட்ட போனைப் போல நடித்து ஏர்பாட்ஸை வசப்படுத்தக்கூடிய ஓர் ஓட்டையை ஆப்பிள் ஃபர்ம்வேர் வழியே அடைத்தது. அருகில் ஒரு ஆப்பிள் கருவி இல்லாதவர்களுடைய ஏர்பாட்ஸில் அது இன்றும் திறந்தே இருக்கும்.

இதே வழியில்தான் அதே ஆண்டு இன்னொன்றும் வந்தது. ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ஐக் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதம் ஐஓஎஸ் 18.1 வெளியீட்டை ஒட்டி, ஏற்கெனவே விற்கப்பட்டு மக்கள் காதுகளில் இருந்த கருவிகளுக்கே அந்த வசதி போய்ச்சேர்ந்தது. கேட்கும் கருவிகளின் விலையைக் கேட்டு அதிர்ந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

மற்ற நிறுவனங்களுடைய வழி செயலி. சோனிக்கு சவுண்ட் கனெக்ட், சாம்சங்குக்கு கேலக்ஸி வியரபிள், ஒன்பிளஸுக்கு ஹேமெலடி, நத்திங்குக்கு நத்திங் எக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி இருக்கிறது. இங்கே கட்டுப்பாடு நம் கையில் இருப்பதால் தவறும் நம் கையாலேயே நடக்கிறது. இயர்பட்ஸைக் காதில் வைத்திருக்க வேண்டுமா, கேஸில் வைக்க வேண்டுமா, மூடி திறந்திருக்க வேண்டுமா என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது. ஒன்றுக்குச் சரியானது மற்றொன்றில் இணைப்பையே அறுத்துவிடும். மூடியைச் சாத்தினால் அணைந்துபோகும் இயர்பட்டுக்கு ‘கேஸில் வைத்து மூடு’ என்ற அறிவுரை எந்த வகையிலும் உதவாது. ஆகவே யூடியூபில் வேறொரு மாடலுக்குக் காட்டிய செயல்முறையைப் பின்பற்றாமல், திரையில் அந்தச் செயலி அப்போது சொல்வதை மட்டும் எழுத்துக்கு எழுத்து செய்வதே சரி.

ஆண்ட்ராய்டில் கூடுதலாக ஒரு கண் வைக்க வேண்டியது பேட்டரி சேமிப்பு அமைப்பின் மேல். திரை அணைந்த சில நிமிடங்களில் பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும் பழக்கம் பல போன்களுக்கு இருக்கிறது. பாதியில் நிற்கும் அப்டேட்டுகளில் கணிசமானவற்றுக்கு இயர்பட்ஸ் பொறுப்பே இல்லை. அந்த நேரத்துக்கு மட்டும் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துவிட்டு, திரையைத் திறந்தே வைத்திருந்தால் போதும். அதே போனோடு ஸ்மார்ட் வாட்ச், காரின் ஸ்பீக்கர் என்று வேறு புளூடூத் கருவிகள் இணைந்திருந்தால் தற்காலிகமாகத் துண்டித்துவிடலாம். ஒரே நேரத்தில் லேப்டாப்போடும் இணைந்து நிற்கும் வசதியுள்ள இயர்பட்ஸ் என்றால், லேப்டாப்பின் புளூடூத்தை அணைப்பது அவசியம். நடுவில் அதில் ஒரு மீட்டிங் அழைப்பு வந்தால் இயர்பட் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் இதைச் செய்யாதிருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. நூறு போன்கள் கூடிய இடத்தில் அந்த அலைவரிசை எவ்வளவு நெரிசலாக இருக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

செயலி இருப்பிட அனுமதி கேட்பதைக் கண்டு சிலர் அதை நீக்கிவிடுகிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆண்ட்ராய்டு 11 வரை, அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, அருகிலுள்ள கருவிகள் என்ற தனி அனுமதியை ஏற்படுத்தியது. புதிய போனிலும் ஒரு செயலி இருப்பிடத்தைக் கேட்கிறது என்றால், தொலைந்த இயர்பட் கடைசியாக எங்கே இருந்தது என்று காட்டுவதற்காக இருக்கலாம். அப்டேட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. பயன்படுத்தும்போது மட்டும் என்ற அளவில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக நடந்தும் புதிய பதிப்பே பிடிக்காமல் போகலாம். 2019-இல் போஸ் நிறுவனம் தன் க்யூசி35 II ஹெட்போனுக்கு 4.5.2 பதிப்பை வெளியிட்ட பிறகு, இரைச்சல் நீக்கம் குறைந்துவிட்டதாகப் பயனர்கள் பெருமளவில் புகார் சொன்னார்கள். நிறுவனம் தன் பொறியாளர்களைச் சில வாடிக்கையாளர்களுடைய வீடுகளுக்கே அனுப்பிச் சோதித்து, ஃபர்ம்வேரால் இரைச்சல் நீக்கம் குறையவில்லை என்று அடுத்த ஆண்டு விரிவான அறிக்கை வெளியிட்டது. அதை ஏற்காதவர்கள் பலர். யார் சொன்னது சரி என்பதைவிட இங்கே முக்கியமானது வேறு: பழைய பதிப்புக்குத் திரும்பி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு சாதாரணப் பயனரிடம் இருந்திருந்தால், அந்தச் சச்சரவு அவ்வளவு நீண்டிருக்காது.

அந்த வாய்ப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுப்பதில்லை. அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது: அடைத்த ஓட்டையை மறுபடி திறப்பதற்காகவே ஒருவர் பழைய ஃபர்ம்வேரைத் திணிக்கலாம் என்பதால், பூட்லோடரே தன்னிடம் உள்ளதைவிடப் பழையதை மறுக்கும்படி செய்யப்படுகிறது. விளைவு, இயர்பட்ஸ் அப்டேட் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. அதனால் நான் இரண்டு வகை அப்டேட்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ‘பாதுகாப்பு’ என்ற சொல் குறிப்பில் இருந்தால் அன்றே போட்டுவிடுவது. புதிய ஈக்வலைசர், புதிய குரல் உதவியாளர் போன்றவற்றுக்கு மட்டும் வந்ததென்றால் ஓரிரு வாரம் விட்டு, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. ‘நிலைத்தன்மை மேம்பாடு’ என்ற ஒரு வரியோடு மட்டும் வருபவைதான் தொல்லை. ஐரோஹா ஓட்டையை அடைத்த அப்டேட்டாகவே இருந்தாலும் குறிப்பில் அப்படி ஒரு வரி மட்டும் இருக்கக்கூடும். நிறுவனங்கள் இதில் காட்டும் கஞ்சத்தனத்துக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஃபர்ம்வேர் கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் சமரசத்துக்கு இடமே இல்லை. கோப்பு வழியில் சிதைந்ததா என்பதைக் கண்டுபிடிக்கும் எளிய கூட்டுத்தொகைச் சோதனை மலிவான சிப்களிலும் உண்டு; ஆனால் அதை எழுதியது உரிய நிறுவனம்தானா என்பதை உறுதிசெய்யும் கையொப்பச் சோதனை எல்லாவற்றிலும் இருப்பதில்லை. கையொப்பம் பார்க்காத கருவி, வடிவம் சரியாக இருக்கும் எந்தக் கோப்பையும் விழுங்கிவிடும். செயலியைப் ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் ஆகியவற்றில் பிராண்டின் சொந்தப் பெயரில் உள்ள பதிப்பாகப் பார்த்து எடுப்பதும், டெலிகிராம் குழுவிலும் கோப்புப் பகிரும் தளங்களிலும் ‘சத்தம் கூட்டிய ஃபர்ம்வேர்’ என்று கிடைப்பவற்றைத் தொடாமல் இருப்பதும் இதனால்தான். ஒலியின் உச்ச வரம்பும் சார்ஜ் நிற்கும் மின்னழுத்தமும் அதே கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்தாலே போதும். காதுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியின் பொறுப்பை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏர்பாட்ஸ் நகல்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. திறந்ததும் ஐபோன் திரையில் படம் தோன்றும், பதிப்பு எண்கூடக் காட்டும். ஆனால் ஆப்பிளின் அப்டேட் அவற்றுக்கு ஒருபோதும் வராது. வாங்கிய நாளில் என்ன ஃபர்ம்வேர் இருந்ததோ அதுவே கடைசி வரை. இதற்கு நேர் எதிர்முனையில், பைன்64 என்ற குழு 2022-இல் கொண்டுவந்த பைன்பட்ஸ் ப்ரோ இருக்கிறது. அதன் ஃபர்ம்வேர் மூல நிரலைப் பயனர்களே திருத்தி, கேஸின் யூஎஸ்பி துளை வழியாகவே ஏற்றலாம். அது தெரிந்து விளையாடுபவர்களுக்கான களம். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மற்ற பிராண்டுகளிலும் முயல்வது சரிப்படாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று உறைந்துபோனால், முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. செயலியில் பிழை காட்டிய பிறகும் இயர்பட்டுக்குள் மேலெழுதுதல் நடந்துகொண்டிருக்கலாம். இரண்டையும் கேஸில் வைத்து, கேஸைச் சார்ஜில் செருகி, ஒரு மணி நேரமாவது அப்படியே விடலாம். பிறகும் விழிக்கவில்லை என்றால், கேஸின் உலோக முனைகளையும் இயர்பட்டின் அடியில் உள்ள புள்ளிகளையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது. அப்டேட்டால் செத்ததாகக் கருதப்படும் இயர்பட், அழுக்கு படிந்து சார்ஜே ஏறாமல் கிடந்ததாகவும் இருக்கும். அடுத்து போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, அந்த மாடலுக்குரிய முறையில் ரீசெட் செய்து, முடிந்தால் வேறொரு போனிலிருந்து அதே அதிகாரப்பூர்வச் செயலியின் வழியே மறுபடி முயலலாம். பூட்லோடர் உயிரோடு இருக்கும் வரை பெரும்பாலான கருவிகள் இரண்டாவது முயற்சியை ஏற்றுக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் அது சர்வீஸ் சென்டரின் வேலை. நிறுவனமே அனுப்பிய அப்டேட்டில் கெட்டுப்போனதை, வாரண்டி காலத்துக்குள் இருந்தால், தயங்காமல் அப்படியே சொல்லிக் கேட்கலாம். அதற்கு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் பதிப்பு எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பது கைகொடுக்கும்.

2026 ஜனவரியில், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இயர்பட்ஸை ஒரே தட்டலில் போனோடு இணைக்க உதவும் கூகுளின் ஃபாஸ்ட் பேர் முறையைப் பல பிராண்டுகள் தவறாகச் செயல்படுத்தியிருப்பதை விஸ்பர்பேர் என்ற பெயரில் வெளியிட்டார்கள். இணைப்பதற்குத் தயார் நிலையில் இல்லாத இயர்பட்டையும், அருகில் உள்ள அந்நியர் தன் கருவியோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. ஓட்டை போனில் இல்லை, இயர்பட்டில் இருக்கிறது; ஆகவே ஐபோன் வைத்திருப்பவருடைய சோனி இயர்பட்ஸும் இதில் சேரும், ரீசெட் செய்வதாலும் அது மறையாது. வழி ஒன்றே ஒன்றுதான்: பிராண்டின் ஃபர்ம்வேர். அந்தப் பிராண்டு அந்த மாடலுக்கு இன்னும் ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

எவ்வளவு காலத்துக்கு எழுதுவார்கள் என்று போன் விற்பவர்கள் இப்போது விளம்பரமே செய்கிறார்கள். இயர்பட்ஸ் விற்பவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, இத்தகைய பொருட்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு எந்த மாதம் வரை கிடைக்கும் என்பதை வாங்கும்போதே தெரியப்படுத்த வேண்டும். பொதுவாக அந்தக் காலம் ஐந்து ஆண்டுக்குக் குறையக்கூடாது. ஆனால் ஒரு பொருளின் எதிர்பார்க்கப்படும் பயன்பாட்டுக் காலமே அதைவிடக் குறைவு என்றால், அந்தக் குறைந்த காலம் போதும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிரித்து மாற்ற முடியாதபடி பேட்டரியை ஒட்டி விற்கும் நிறுவனங்கள் அந்த விதிவிலக்கைத்தான் முதலில் தேடிப்போகும் என்று நினைக்கிறேன். அதுவரை, வாங்குவதற்கு முன் பிராண்டின் உதவிப் பக்கத்தில் அதன் சென்ற தலைமுறை மாடலுக்குக் கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பதே நம்மிடம் இருக்கும் ஓரளவு நம்பகமான அளவுகோல்.